தொடுகிறதா, வெட்டுகிறதா

இந்தோனேசியாவில் பாண்டுங்காரர்களுக்கு முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்ல வராது. பதினெட்டு வயதில் இமாஸுக்குக் கல்லூரியில் கணக்குப் பாடத்தில் இடம் இல்லை என்றபோதுகூட, பனைவெல்லம் போட்ட இஞ்சித் தண்ணீர் கொடுத்து, ஆவி பறக்கும் தேங்காய்ப் பணியாரம் கொடுத்து, "வரைபடக் கேள்வியெல்லாம் குடுத்து உங்களச் சிரமப்படுத்த எங்களுக்கு மனசு வரலம்மா" என்றுதான் சொன்னார்கள். அவளும் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். வேன் ஏறிப் பாதி தூரம் போன பிறகுதான், தன்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள் என்பது உறைத்தது. மரியாதையாகத் தள்ளினாலும் விழுகிறவளுக்கு அடி அடிதான்.

மூன்று வயதில் காய்ச்சலில் போன கண் அவளுக்கு. அந்த ஊரில் கண் தெரியாதவர்களுக்கென்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு பண்ணி வைத்திருக்கிற தொழில் ஒன்று உண்டு: உடம்பு பிடித்துவிடுவது. இமாஸும் சில வருஷம் பிடித்தாள். அவள் கையில் சிக்கிப் பெரிய பெரிய அதிகாரிகளெல்லாம் "ஐயோ அம்மா" என்று அலறியிருக்கிறார்கள். அதில் ஒரு திருப்தி இருந்தது என்றாலும் போதுமான திருப்தி இல்லை. கணினி கற்றுக்கொண்டாள், டாகோ மேட்டில் பள்ளிக்கூடக் கணக்கு மென்பொருள் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். "ஓம்பாக்", அதாவது அலை, என்பது அந்த மென்பொருளின் பெயர். கண் தெரியாதவர்களும் அதைப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்த்து, முடியாத இடத்தில் நிரல் எழுதுகிறவனின் உயிரை வாங்குவது அவள் வேலை.

அந்த உயிர் யாயானுடையது. நல்ல பையன், கெட்டிக்காரன், இமாஸைவிட ஏழெட்டு வயது சின்னவன். கண் இருக்கிற அளவுக்கு அவனுக்குக் காது கிடையாது என்பது இமாஸின் கட்சி. வரைபடத்தைப் பேச வைத்துவிட்டேன் என்று அவன் முதல்முதலாகக் கொண்டுவந்து காட்டியபோது, கணினி வாயைத் திறந்து, "இந்தக் கோடு முதலில் ஏறுகிறது. பிறகு இறங்குகிறது. பிறகு மீண்டும் ஏறுகிறது" என்று ஒப்பித்தது.

"என்னடா இது, ஜோசியம் சொல்லுது?" என்றாள் இமாஸ்.

"வரைபடத்த விளக்குதுக்கா."

"உனக்கு யாராச்சும் விளக்கினாங்களா? நீயாப் பாத்து நீயாத்தானே தெரிஞ்சுக்கிட்டே? எனக்கு மட்டும் எதுக்குச் சோத்தப் பெசஞ்சு ஊட்டறே?"

"அப்ப என்னதான் பண்றது?"

"அது வாய மூடு. கோட்டக் காட்டு."

கோட்டைக் காட்டுவது என்றால் காதுக்குக் காட்டுவது. அதற்குள் யாயானுக்குத் தாடி நரைக்கும்போல ஆகிவிட்டது. கடைசியில் வழி சொன்னவள் இமாஸ்தான். வரைபடத்தின் குறுக்கே போகிறதே அச்சுக்கோடு, அதை ஒரே சுருதியாக விடாமல் இழுத்து வை. அதன் மேல் வளைகோடு பாடட்டும் என்றாள். கோடு ஏறினால் குரல் ஏறும், இறங்கினால் இறங்கும். இடது காதில் தொடங்கி வலது காதில் போய் முடியும். சுருதிக்கு மேலே பாடினால் கோடு அச்சுக்கு மேலே இருக்கிறது, கீழே பாடினால் கீழே. அவ்வளவுதான். யாயான் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தான்: கோடும் அச்சும் சந்திக்கிற இடத்தில் மரக்கட்டையில் தட்டுவது போல "டொக்" என்று ஒரு சத்தம். அது முழுக்க அவன் மூளை. அதைப் பற்றி அவனுக்குப் பெருமை தாங்காது.

முதல்முறை அது சரியாக வந்த அன்று, இமாஸ் ஒரே வளைகோட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் அட்டையில் நூல் ஒட்டித் தடவிப் பார்த்த கோடுகள் செத்த கோடுகள். இது உயிரோடு வளைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பரவால்ல" என்று மட்டும் சொன்னாள். யாயானுக்கு அதுவே பட்டம் வாங்கியது போல இருந்தது.

அப்புறம்தான் அவளுக்குப் பழைய ஆசை தலைதூக்கியது. வேலை பார்க்கிறவர்களுக்கென்று கல்லூரியில் மாலைநேரக் கணக்குப் பட்டப்படிப்பு ஒன்று இருந்தது. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். கண் தெரியாதவர்களுக்கு வரைபடக் கேள்விகளை அடித்துவிடுவது வழக்கம்; அடித்துவிட்டால் தாள் முழுத்தாள் இல்லை; முழுத்தாள் இல்லாதவருக்குக் கணக்கில் இடம் இல்லை. நூல் பிடித்தாற்போல நியாயம்! தேர்வுக் கூடத்தில் ஓம்பாக் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தால் மட்டுமே அவளுக்கு முழுத்தாள். அனுமதி தர வேண்டியது தேர்வுக் குழு. முப்பத்தைந்து ஆகிவிட்டால் அந்தப் படிப்பில் சேர்க்க மாட்டார்கள். இமாஸுக்கு முப்பத்து நான்கு முடியப் போகிறது. இந்த வருஷம் விட்டால் அப்புறம் இல்லை.

குழு கூடிய அன்று காலையிலிருந்தே மழை. கூட்டம் என்றால் ஆளுக்கொரு தின்பண்டப் பெட்டி இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது. அட்டைப் பெட்டி திறக்கும் சத்தமும், வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசிச் சோற்றைப் பிரிக்கும் சத்தமும் வந்த திசைகளை வைத்து, எதிரே ஐந்து பேர் என்று இமாஸ் கணக்குப் போட்டாள். நடுவில் இருந்தவர் தலைவர், பாக் ருஸ்டாண்டி. கணக்கு வாத்தியாராக இருந்து அதிகாரியானவர். அவருக்கு இடப்பக்கம் இபு மார்லினா, வினாத்தாள் பிரிவு. ஆண் பேருக்கு முன்னால் "பாக்", பெண் பேருக்கு முன்னால் "இபு" என்று மரியாதைக்குச் சேர்ப்பது அந்த ஊர் வழக்கம். மற்ற மூவரும் சாப்பிட வந்தவர்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க இபு இமாஸ்," என்று ருஸ்டாண்டி இழுத்தார். "பரீட்சை எழுதப் போறதும் நீங்க, கருவி கொண்டாந்திருக்கறதும் நீங்க..."

"சாப்பிடப் போறவளே சமைச்சாத்தான், பாக், உப்பு சரியா இருக்கும்."

யாரோ சிரித்தார்கள். நல்ல சகுனம் என்று இமாஸ் நினைத்தாள். யாயான் ஒயரை மாட்டிச் சுவரில் படம் விழ வைத்தான். "பளிச்சுனு தெரியுது" என்றாள் மார்லினா. அந்த நேரம் பார்த்துக் காவலாளி உள்ளே வந்து, கறுப்பு மோட்டார் பைக் யாருடையது, தலைவர் காரை மறித்துக்கொண்டு நிற்கிறது என்றான். பைக் யாயானுடையது. பையன் வெலவெலத்துப்போய்ச் சாவியோடு ஓடினான்.

இமாஸ் பிஸ்மில்லா சொல்லிக் கணினி முன்னால் உட்கார்ந்தாள். இங்கேதான் ஒரு காரியம் நடந்தது. அவள் கணினியின் திரை எப்போதும் அணைந்தே இருக்கும். வெளிச்சம் அவளுக்கு எதற்கு? பாட்டரி மிச்சம், வேனில் பக்கத்தில் உட்கார்ந்தவன் எட்டிப் பார்த்துக் கடிதம் படிக்கவும் முடியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் நாம் செருப்பைக் கழற்றுவது போல, உட்கார்ந்ததும் அவள் விரல் தானாகப் போய்த் திரையை இருட்டாக்கிவிடும். அன்றைக்கும் போயிற்று. கணினியோடு சேர்ந்து சுவரும் இருண்டது. அவளுக்கு அது தெரியாது.

"இப்ப எதிர்ல ஒரு வளைகோடு பாக்கறீங்க," என்று கம்பீரமாக ஆரம்பித்தாள். கையை நீட்டிச் சுவரைக் காட்டினாள். "இடது பக்கம் மேலேருந்து எறங்குது பாருங்க."

ஐந்து பேரும் கன்னங்கரேலென்ற சுவரைப் பார்த்தார்கள்.

கண் தெரியாத ஒரு பெண்ணிடம் போய், "எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று யார் சொல்வது? ஒருவர் இருமினார். ஒருவர் "இபு, அந்த..." என்று தொடங்கி விழுங்கிக்கொண்டார். அறை விளக்கின் வெளிச்சத்தில்தான் படம் தெரியவில்லையோ என்று நினைத்து இன்னொருவர் எழுந்துபோய் விளக்கை அணைத்தார். ஜன்னலில் திரைச்சீலை, வெளியே மழை இருட்டு. இப்போது சுத்தமாக ஒன்றும் தெரியவில்லை.

இமாஸுக்குக் கேட்டதெல்லாம் இருமலும், சுவிட்சும், நாற்காலி நகர்வதும், பிறகு அமைதியும். பெட்டி பிரிக்கும் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. தன் பேச்சு பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று நினைத்தாள். ஆனாலும் நிறுத்தவில்லை. சுருதி என்றால் என்ன, குரல் எதைக் காட்டுகிறது, "டொக்" எதற்கு என்றெல்லாம் சொல்லி, அந்த வளைகோட்டை ஒலிபெருக்கியில் விட்டாள். குரல் உச்சியிலிருந்து சறுக்கி, சுருதிக்குக் கீழே முங்கி, வலது பக்கமாக மேலே ஏறிப் போயிற்று.

"இன்னொரு தடவ போடுங்களேன்," என்றது மார்லினாவின் குரல். போட்டாள். "எறங்கி, முங்கி, ஏறுது. கிண்ணம் மாதிரி. இல்லியா?"

கண் முன்னால் கிண்ணத்தை வைத்துக்கொண்டு கிண்ணமா என்று கேட்கிறாளே என்று இமாஸுக்கு எரிச்சல் வந்தது. "ஆமா இபு, கிண்ணந்தான்" என்றாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், போடுங்க," என்றார் ருஸ்டாண்டி. கணக்கு வாத்தியாருக்குச் சமன்பாட்டுக்குப் பஞ்சமா? "எக்ஸ் கியூப், மைனஸ் ஆறு எக்ஸ் ஸ்கொயர், பிளஸ் ஒம்போது எக்ஸ்."

இமாஸின் விரல்கள் ஓடின. குரல் சுருதிக்கு வெகு கீழே இடப்பக்கம் தொடங்கியது. ஏறி வந்தது, "டொக்", மேலே போயிற்று. ஓர் உச்சியில் திரும்பி இறங்கிற்று. இறங்கி இறங்கிச் சுருதியோடு ஒன்றாய்க் கலந்தது, "டொக்", மறுபடி ஏறிப் போய்விட்டது.

"ரெண்டு எடத்துல வெட்டுது," என்றார் ருஸ்டாண்டி.

"ஒரு எடத்துலதான் பாக்," என்றாள் மார்லினா. "ரெண்டாவது எடத்துல தொட்டுட்டுத் திரும்பிடுது."

"ரெண்டு தட்டு கேட்டுதே!"

"தட்டு கேட்டுது. ஆனா கொரல் சுருதிக்குக் கீழ போகவே இல்லியே. வெட்டியிருந்தா கீழ போயிருக்கணும்ல?"

"போச்சு. லேசாப் போச்சு."

"போகல பாக். என் காது நல்லாத்தான் இருக்கு."

சாப்பிட வந்த மூவரும் சண்டையில் சேர்ந்துகொண்டார்கள். தொடுகிறது என்று இரண்டு பேர், வெட்டுகிறது என்று ஒருவர். மேஜையைத் தட்டும் அளவுக்குப் போய்விட்டது. இமாஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆளுயரத்துக்குச் சுவரில் படம் நிற்கும்போது, கண் இருக்கிற ஐந்து பேர் இதற்கா சண்டை போடுவார்கள்? என்னைச் சோதிக்கிறார்கள், வேடிக்கை பார்க்கிறார்கள் என்று தோன்றியதும் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன் பாக், எதிர்ல அவ்ளோ பெரிசாத் தெரியுதே, அதப் பாத்துச் சொல்ல வேண்டியதுதானே? என்கிட்ட நாடகம் எதுக்கு?"

கதவு திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்த செருப்புச் சத்தம்.

"எதுக்கு எல்லாரும் இருட்டுல உக்காந்திருக்கீங்க?" என்றான் யாயான். பிறகு, "ஐயையோ, அக்கா! திரைய அணைச்சிட்டியா? சுவத்துல ஒரு எழவும் இல்லியே!"

இமாஸின் காது மடல்கள் கொதித்தன. கை தானாகச் சுவரைக் காட்டியதும், "பாருங்க, பாருங்க" என்று முழங்கியதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"அப்ப இவ்ளோ நேரமா... உங்களுக்கு ஒண்ணுமே தெரியலியா?"

"சொல்லலாம்னுதான் இருந்தோம்," என்று மார்லினா முனகினாள். "உங்ககிட்டப் போயி... கண்ணுக்கு ஒண்ணும் தெரியலன்னு... எப்படி இபு சொல்றது?"

முதலில் சிரித்தது இமாஸ்தான். அடக்க முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அது வெடித்ததும் மற்றவர்களும் வெடித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு விஷயம் உறைத்தது. இவர்கள் பார்க்கவில்லை. பார்க்காமலே கிண்ணம் என்றாள் மார்லினா. பார்க்காமலே தொடுகிறதா வெட்டுகிறதா என்று மேஜையைத் தட்டினார்கள். அவளும் யாயானும் செய்த கோடு, அதைப்பற்றி ஒரு மண்ணும் தெரியாதவர்கள் காதில் ஏறி உட்கார்ந்து, சண்டை போடவும் வைத்திருக்கிறது. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரையைப் போட்டாள்.

"பாருங்க," என்றாள். இந்தத் தடவை அந்தச் சொல்லுக்கு ருசி இருந்தது.

"தொடுது!" என்று மார்லினா கத்தினாள். "நான் சொன்னேன்ல?"

தோற்றதைவிட, தோற்ற விதம் ருஸ்டாண்டியை யோசிக்க வைத்துவிட்டது போலிருக்கிறது. பிறகு நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தார். "அதோட கடைசியில, பிளஸ் புள்ளி ஒண்ணு சேருங்க. சேத்துட்டு, யாரும் இபு இமாஸுக்கு எதுவும் சொல்லக் கூடாது."

சேர்த்தாள். கேட்டாள். முதல் "டொக்" முன்போலவே வந்தது; குரல் உச்சிக்குப் போய் அதே போல இறங்கி வந்தது. சுருதிக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட மேலேயே வந்துவிட்டது. ஆனால் இரண்டாவது "டொக்" இல்லை. இரண்டு ஒலியும் ஒன்றாகக் கலக்காமல், மயிரிழை விலகின இரண்டு தந்திகள் போல ஒன்றோடொன்று உரசி அலையலையாக நடுங்கின. பிறகு குரல் மேலே போய்விட்டது.

"தொடல," என்றாள்.

"தொடுதே!" என்றாள் மார்லினா. "நல்லா ஒட்டிக்கிட்டு இருக்கே, நாங்கதான் பாக்கறமே."

"தொடல இபு. சத்தியமாத் தொடல."

யாயான் சுவர்கிட்டப் போய் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தான். அவன் கண்ணுக்கும் ஒட்டித்தான் தெரிந்தது. கோட்டின் தடிமனே அவ்வளவு இருந்தது. எல்லோரும் ருஸ்டாண்டியைப் பார்த்தார்கள்.

"தொடல," என்றார் ருஸ்டாண்டி. "தொடாத மாதிரிதான் நான் குடுத்தேன்." அவர் குரலில் குறும்பு இல்லை, கவலை இருந்தது. "இது சரிப்படாது."

இமாஸின் கை கணினியை மூடப் போயிற்று.

"அந்தத் தட்டச் சொல்றேன்," என்றார் அவர். "கண் இருக்கறவன் எவ்ளோ உத்துப் பாத்தாலும் தொடுதா இல்லியான்னு தெரியல. கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கணும். இவங்களுக்கு மட்டும் பொட்டி தட்டிச் சொல்லிடுது. மத்தவங்க பாவம் இல்லியா? இபு இமாஸ் அவங்களையெல்லாம் தாண்டிப் போயிடுவாங்களே."

இமாஸ் அந்த வாக்கியத்தை மனதுக்குள் இன்னொருமுறை சொல்லிப் பார்த்தாள். தாண்டிப் போய்விடுவாள். மூன்று வயதிலிருந்து அவளுக்கு எதையெல்லாமோ தள்ளுபடி செய்திருக்கிறார்கள், விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், பாவம் என்று பேருந்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அவள் ஜெயித்துவிடுவாளோ என்று ஒரு மனிதன் பயந்தது இதுதான் முதல் தடவை.

"பாக், அந்தத் தட்டுதான் எங்க..." என்று யாயான் பாய்ந்தான்.

இமாஸ் அவன் ஈரக் கையைப் பிடித்து நிறுத்தினாள். "எடுத்துடுடா."

"அக்கா! அதுக்கு நான் எவ்ளோ பாடுபட்டேன்னு..."

"தெரியும். பாடங்கத்துக்கற பிள்ளைங்களுக்கு இருக்கட்டும், பரீட்சைக்கு வேணாம். எடுத்துடு." அவள் ருஸ்டாண்டியின் பக்கம் திரும்பினாள். "சுருதியும் கோடும் போதும் பாக். கண் இருக்கறவங்களுக்கும் அந்த ரெண்டுதான தெரியுது? தொடுதா இல்லியான்னு எல்லாரையும் போல நானும் கணக்குப் போட்டே சொல்றேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் ருஸ்டாண்டி. "ஒத்துக்கிட்டா, அப்புறம் வரைபடக் கேள்வி ஒண்ணக்கூட உங்களுக்காக அடிக்க மாட்டோம். தப்பாப் போட்டாக் குறைப்போம். இரக்கப்பட்டு அரை மார்க்குகூட விழாது."

"குறைங்க பாக்," என்றாள் இமாஸ். "தாராளமாக் குறைங்க. குறைக்கறதுக்கு என் பேர்ல மார்க்குன்னு ஒண்ணு இருக்கும்ல, எனக்கு அது போதும்."

ருஸ்டாண்டி அனுமதித் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவின் மூடியைத் திறந்தார். அது அவளுக்கு நன்றாகக் கேட்டது.